றீனோ கிளப்பின் ஒன்பது பேர்

எங்கள் கோயில் திருவிழா விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாதஸ்வர வித்துவானின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் முன்னே பட்டங்கள் இரண்டு வரி. தவில் வித்துவானின் பெயர் அடுத்த அளவு எழுத்தில் வரும். தாளம் போடுபவருக்கும் சுருதி பிடிப்பவருக்கும் 'குழுவினர்' என்ற ஒரே சொல்தான். விடியும்வரை நடந்த மேளச்சமாவில் அந்தக் குழுவினர் ஒரு கணமேனும் ஓய்ந்திருக்கமாட்டார்கள். ஆயினும் மறுநாட் காலையில் ஊர் பேசுவது ஒரு பெயரைத்தான்.

இந்தக் 'குழுவினர்' என்ற சொல்லின் உள்ளே இருப்பவர்களைப் பற்றிப் பேசுவதற்காகத் தூர தேசத்துக் கதையொன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் நடுப்பகுதியிலே மிசூரி மாநிலத்தில் கன்சாஸ் சிற்றி என்றொரு நகரம் உண்டு. அங்கே 12 ஆம் வீதியில் இருந்த றீனோ கிளப் என்னும் சிறிய களியாட்ட விடுதியில் 1935 ஆம், 1936 ஆம் ஆண்டுகளில் இரவுதோறும் வாசித்த ஒரு கறுப்பின வாத்தியக் குழுவின் கதை இது. அவர்கள் வாசித்தது ஜாஸ் இசையின் ஸ்விங் என்ற பிரிவு. ஸ்விங் என்ற சொல்லுக்கு ஊசலாடுதல் என்று அகராதி பொருள் சொல்லும். கேட்பவனின் கால் தன்னையறியாமல் தாளம் போடத் தொடங்குவதே அதன் இலக்கணம் என்பேன். நான் தமிழ் இலக்கணம் கற்பிப்பவன். ஆகையால் இசை இலக்கணத்துக்குள் அதிக தூரம் உங்களை அழைத்துச் செல்ல மாட்டேன்.

அந்தக் காலத்துக் கன்சாஸ் சிற்றி, ரொம் பென்டர்காஸ்ற் என்ற அரசியல்வாதியின் கைப்பிடிக்குள் இருந்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதும் அந்நகரத்தில் மது ஓடிக்கொண்டே இருந்தது. விடுதிகள் விடியும்வரை திறந்திருந்தன. பொருளாதார மந்தம் நாட்டையே வாட்டிய அந்த ஆண்டுகளில், சம்பளம் சொற்பமாயினும் ஒவ்வோர் இரவும் வாசிக்க இடம் கிடைத்த நகரங்களுள் அது முதன்மையானது. டெக்சாசிலிருந்தும் ஒக்லஹோமாவிலிருந்தும் இசைக்கலைஞர்கள் அங்கே வந்து குவிந்தமைக்கு இதுவே காரணம். ஊழல் ஆட்சி ஒன்று தன்னை அறியாமலே ஒரு கலையை வளர்த்துவிட்டது. 1939 இல் பென்டர்காஸ்ற் வருமானவரி மோசடிக்காகச் சிறை சென்றார். அதன் பின் நகரத்தின் இரவு வாழ்க்கையும் மங்கியது.

றீனோ கிளப் குழுவில் மும்மூன்றாக ஒன்பது பேர். பித்தளை ஊதுவாத்தியம் மூன்று, சக்ஸபோன் மூன்று, தாளப்பகுதி மூன்று. கத்ரி கோபால்நாத் சக்ஸபோனிலே கர்நாடக இசை வாசித்ததைக் கேட்டவர்களுக்கு அந்த வாத்தியத்தைப் பற்றி நான் விளக்கவேண்டியதில்லை. தாளப்பகுதி என்றால் பியானோ, டபிள் பேஸ், ட்றம் ஆகிய மூன்று. இவர்களோடு ஜிம்மி றஷிங் என்ற பருத்த உடலும் கணீரென்ற குரலும் கொண்ட பாடகர் ஒருவர். நிகழ்ச்சியை அறிவித்துக்கொண்டு இடையிடையே ட்றம்பெட்டில் தனி வாசிக்க 'ஹொட் லிப்ஸ்' பேஜ் என்பவர். பியானோவில் இருந்தவர் வில்லியம் பேஸி. பிற்காலத்தில் 'கவுன்ட் பேஸி' என்று உலகம் அறிந்தது இவரைத்தான். கொட்டை எழுத்துப் பெயர் இவருடையது.

பேஸி அந்த ஊரவர் அல்லர். 1904 இல் நியூ ஜேர்சி மாநிலத்திலே பிறந்தவர். ஊரூராகச் செல்லும் நாடகக் கம்பனி ஒன்றோடு வந்தார். 1927 இல் அந்தக் கம்பனி கலைந்துபோக, கன்சாஸ் சிற்றியில் தனித்து நின்றார். பேசாப் படம் காட்டும் தியேட்டரில் ஓர்கன் வாசித்து வயிறு வளர்த்தார். 'புளூ டெவில்ஸ்' என்ற குழுவில் 1928 இல் சேர்ந்தார். 1929 இல் பெனி மோட்டன் என்பவரின் பெரிய குழுவுக்கு மாறினார். அங்கும் வறுமைதான். 1932 டிசெம்பரில் நியூ ஜேர்சியின் கம்டன் நகரில் மோட்டன் குழு சில இசைத்தட்டுகளைப் பதிந்தது. இன்று இசை ஆய்வாளர் போற்றும் தட்டுகள் அவை. ஆனால் அன்று ஒருவர் கையிலும் காசில்லை. யாரோ ஒருவர் இரக்கப்பட்டுச் சமைத்துக் கொடுத்த முயற் கறியை உண்டுவிட்டுத்தான் வாசிக்கப் போனோம் என்று அவர்கள் பின்னர் நினைவுகூர்ந்தார்கள். 1935 ஏப்ரலில் ரொன்சில் சத்திரசிகிச்சையின்போது மோட்டன் இறந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது. அவருடைய குழு சிதறியது. சிதறியவர்களிலும் பழைய புளூ டெவில்ஸ்காரரிலும் சிலரைச் சேர்த்து உருவாக்கியதுதான் றீனோ கிளப் குழு. அதனைச் சேர்த்தவர்கள் இருவர். ஒருவர் பேஸி. மற்றவர் பஸ்டர் ஸ்மித். இந்த இரண்டாவது பெயரைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள்.

இனி டபிள் பேஸ் வாசித்த வோல்ட்டர் பேஜைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அவரிடம் தனியான ஈடுபாடு உண்டு. பேஜ் 1900 இல் பிறந்தவர். கன்சாஸ் சிற்றியின் லிங்கன் உயர்தரப் பாடசாலையிலே படித்தார். இனப்பாகுபாடு சட்டமாயிருந்த காலத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென இருந்த பாடசாலை அது. அங்கே மேஜர் கிளார்க் ஸ்மித் என்றொரு இசை ஆசிரியர். இராணுவ வாத்தியக் குழுக்களை நடத்திய கண்டிப்பான மனிதர். பாடசாலை வாத்தியக் குழுவில் டபிள் பேஸ் வாசிக்க ஆளில்லை. ஆளுயரத்துக்கு மேலே நிற்கும் அந்த வாத்தியத்துக்கு ஏற்ற உடல்வாகு கொண்ட மாணவன் ஒருவன் ஆசிரியரின் கண்ணிற் பட்டான். அவன்தான் பேஜ். ஒரு பாடசாலைக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்ததும், ஓர் ஆசிரியர் சட்டென எடுத்த முடிவும் ஓர் இசைவகையின் அத்திவாரமாயின.

அத்திவாரம் என்று சொன்னது வெறும் அலங்காரத்துக்காக அன்று. பேஜுக்கு முந்திய குழுக்கள் பலவற்றிலே தாளத்தின் அடித்தளத்தைத் தூபா என்ற பெரிய ஊதுகுழல் தாங்கியது. ஊதுபவன் மூச்சு வாங்கவேண்டும். ஆகையால் நான்கு அடியில் இரண்டடிக்கு மட்டும் ஒலி எழும். பேஜ் விரலால் தந்தியை மீட்டி நான்கு அடியையும் ஒரே கனத்தில் ஒலிக்கச் செய்தார். ஒலி மேலும் கீழுமாகப் படி ஏறி இறங்குவதுபோல நடந்துகொண்டே இருக்கும். தளை தட்டாத வெண்பாவைப் போல என்று வகுப்பிலே சொன்னால் என் மாணவர் சிரிப்பர். ஆனாலும் இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. இதனை அவர் தனியே கண்டுபிடித்தார் என்று கூறமுடியாது. ஆனால் ஒரு பெரிய குழுவையே தாங்கும் முறையாக அதனை நிலைநிறுத்தியவர்களுள் அவர் முதன்மையானவர். 1925 முதல் 1931 வரை புளூ டெவில்ஸ் குழுவின் தலைவராகவும் இருந்தார். பேஸியும் றஷிங்கும் ஹொட் லிப்ஸ் பேஜும் அவரிடம் வாசித்தவர்கள். ஒருவர் பின் ஒருவராக அவர்களை மோட்டன் கூடிய சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டார். ஈற்றில் பேஜும் போகவேண்டியதாயிற்று. றீனோ கிளப்பிலே அவர் தம்மிடம் வேலை பார்த்த பேஸியின் கீழ் வேலை பார்த்தார். அவரது பெயரில் வந்த தட்டுகள் மிகச் சில. 1957 இல் காலமானார்.

ட்றம் வாசித்த ஜோ ஜோன்ஸ் களியாட்டக் கொட்டகைகளில் காற்றட்டு நடனம் ஆடித் திரிந்தவர். காலால் மிதிக்கும் பெரிய ட்றம்மில் இடித்து இடித்துத் தாளம் காட்டுவது அக்கால வழக்கம். ஜோன்ஸ் அந்தத் தாளத்தைக் காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பலுக்கு மாற்றினார். எங்கள் கைத்தாளத்தை ஒரு தண்டிலே பொருத்தியது போன்ற கருவி அது. தாளம் இடியாக விழாமல் காற்றாக ஓடத் தொடங்கியது. கீழே பேஜ், மேலே ஜோன்ஸ். இந்த இருவரும் இருந்தபடியால்தான் பேஸியால் பியானோவில் இடைவெளி விட்டு, மூன்று சுரமும் ஒரு மௌனமுமாக வாசிக்க முடிந்தது. பேஸியின் பாணி என்று பின்னர் புகழப்பட்ட சிக்கனத்தில் பாதி இவர்கள் கொடுத்த கடன்.

லெஸ்டர் யங் 1909 இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். சக்ஸபோனை ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்து வாசிப்பார். கோல்மன் ஹோக்கின்ஸ் என்ற மேதையின் கனத்த நாதமே சரியான நாதம் என்று எல்லோரும் நம்பிய காலத்தில் இவருடையது மெல்லியதாய், மிதப்பதாய் இருந்தது. 1934 இல் நியூயோர்க்கின் பெயர்பெற்ற குழுவொன்றில் ஹோக்கின்ஸின் இடத்துக்கு அழைக்கப்பட்டு, ஹோக்கின்ஸைப் போல வாசிக்கவில்லை என்பதற்காகவே சக கலைஞரின் ஏளனத்துக்கு ஆளாகி விலகினார். ஒருநாள் வானொலியில் பேஸியின் குழுவைக் கேட்டபோது, எல்லாம் நன்று, சக்ஸபோன்காரர் மட்டும் சரியில்லை என்று தமக்குத் தோன்றியதாகவும், உடனே பேஸிக்குத் தந்தி அனுப்பி வேலை கேட்டதாகவும் லெஸ்டர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

வானொலி! அதற்குத்தான் வருகிறேன். கன்சாஸ் சிற்றியில் W9XBY என்ற எழுத்துகளை அடையாளமாகக் கொண்ட பரிசோதனை ஒலிபரப்பு நிலையம் ஒன்று இருந்தது. அது றீனோ கிளப் நிகழ்ச்சியை இரவில் நேரடியாக அஞ்சல் செய்தது. 1936 இன் தொடக்கத்தில் ஜோன் ஹமொன்ட் என்ற செல்வந்த இளைஞர் பெனி குட்மன் குழுவைக் கேட்பதற்காகச் சிக்காகோ வந்திருந்தார். இசைமீது தீராத பித்துக் கொண்டவர். இரவில் தம் காரிலிருந்த வானொலியைத் திருகிக்கொண்டு போனபோது, முள் கடைசி ஓரத்தைத் தொடும் இடத்தில் பேஸி குழு ஒலித்தது. அறுநூறு, எழுநூறு கிலோமீற்றர் தொலைவிலிருந்து வந்த ஒலி. அன்றிலிருந்து அந்தக் குழுவைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியும் காண்பவரிடமெல்லாம் சொல்லியும் வந்தார். பின்னர் நேரிலும் போய்க் கேட்டார்.

பேஸிக்குக் 'கவுன்ட்' என்ற பிரபுப் பட்டத்தைச் சூட்டியதும் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் என்பர். இன்னொரு கதையும் உண்டு. நள்ளிரவு தாண்டி ஒலிபரப்பு முடியும் தறுவாயில் குழு ஒரு மெட்டை எடுத்தது. இதன் பெயரென்ன என்று அறிவிப்பாளர் கேட்டார். குழுவினர் தமக்குள் வைத்திருந்த பெயர் வானொலியில் சொல்லக்கூடியதன்று, பத்திரிகையில் அச்சிடக்கூடியதுமன்று. மணிக்கூட்டில் ஒரு மணி ஆகிக்கொண்டிருந்தது. 'வன் ஓ குளொக் ஜம்ப்' என்று பெயர் பிறந்தது.

இந்த மெட்டுப் பிறந்த முறையைக் கவனிக்கவேண்டும். றீனோ கிளப்பில் எழுதிய சுரத்தாள்கள் அதிகம் இருக்கவில்லை. ஒருவர் ஒரு சிறு சொற்றொடரை வாசிப்பார். பக்கத்திலிருப்பவர்கள் அதைப் பிடித்துத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். இதற்கு 'றிஃப்' என்று பெயர். மற்றப் பகுதியினர் அதற்கு எதிர்மொழியாக வேறொன்றைத் தொடுப்பார்கள். பிடித்துப்போனால் மறுநாளும் வாசிப்பார்கள். இவ்வாறு தலைக்குள்ளேயே ஒழுங்குசெய்து வைத்த அமைப்பை 'ஹெட்' என்றார்கள். எங்கள் நாட்டார் பாடல்களும் இப்படித்தான் வந்தன. அரிவி வெட்டும் வயலில் ஒருத்தி எடுத்த அடிக்கு இன்னொருத்தி மறு அடி கொடுப்பாள். அதன் ஆசிரியர் யார் என்று தேர்விலே கேள்வி கேட்கமுடியாது. ஆனால் இசைத்தட்டின் நடுவிலே ஒட்டும் வட்டக் கடதாசியில் ஒரு பெயர் எழுதத்தான் வேண்டும்!

இசைத்தட்டு வந்த கதை கசப்பானது. ஹமொன்ட் எழுதியதைப் படித்த வேறொருவர் அவருக்கு முன்னே கன்சாஸ் சிற்றிக்குப் போய்விட்டார். அவர் டெக்கா இசைத்தட்டுக் கம்பனியின் டேவ் கப். பேஸி ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார். இருபத்துநான்கு பக்கங்களுக்கு 750 டொலர். தட்டு எத்தனை விற்றாலும் உரிமைப் பணம் கிடையாது. ஒரு பக்கத்துக்கு 31 டொலரும் சில்லறையும் வருகிறது. அதுவும் முழுக் குழுவுக்கும் சேர்த்து. பின்னர் இதைப் பார்த்த ஹமொன்ட் திடுக்கிட்டு இசைக்கலைஞர் சங்கத்திடம் முறையிட்டார். பதிவுக் கூலி சங்கம் விதித்த அளவுக்கு உயர்ந்தது. உரிமைப் பணம் மட்டும் வரவேயில்லை.

இந்த ஒப்பந்தத்தால் விளைந்த வேடிக்கை ஒன்றையும் சொல்லவேண்டும். 1936 இன் இறுதியில் சிக்காகோவிலே ஹமொன்ட் இந்தக் குழுவில் ஐவரையும் றஷிங்கையும் வைத்து வேறொரு கம்பனிக்காக நான்கு பாடல்களைப் பதிவுசெய்தார். பேஸி டெக்காவுக்குக் கட்டுப்பட்டவர். ஆகையால் அவர் பெயரைப் போடமுடியாது. 'ஜோன்ஸ்-ஸ்மித் இன்கோப்பரேட்டட்' என்று தட்டிலே போட்டார்கள். ஜோன்ஸ் என்பது ட்றம் வாசித்த ஜோ ஜோன்ஸ். ஸ்மித் என்பது ட்றம்பெட் வாசித்த கார்ல் ஸ்மித். தலைவரின் பெயர் மறைய வேண்டியிருந்தபடியால் குழுவினரின் பெயர் வெளியே வந்தது. லெஸ்டர் யங்கின் வாசிப்பு முதன்முதலாகப் பதிவானதும் அதில்தான். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. 'லேடி பீ குட்' என்ற பாடலில் அவர் வாசித்த தனியைச் சுரம் சுரமாக மனனம் செய்த தலைமுறைகள் உண்டு.

அந்த ஸ்மித், பஸ்டர் ஸ்மித் அல்லர். பஸ்டர் அப்போது குழுவில் இல்லை.

1936 இலையுதிர் காலத்தில் குழு பெரிதாகி, சிக்காகோவுக்கும் நியூயோர்க்குக்கும் புறப்பட்டது. ஹொட் லிப்ஸ் பேஜை வேறொரு முகாமையாளர் தனியே ஒப்பந்தம் செய்துகொண்டார். அவர் இடத்துக்கு வந்த பக் கிளேற்றன் சீனாவின் ஷாங்காய் நகரில் குழு நடத்திவிட்டு அண்மையிலே திரும்பியவர். அவரை அங்கே அழைத்துச் சென்ற டெடி வெதர்ஃபோர்ட் பின்னர் இந்தியாவுக்கு வந்து வாசித்து, 1945 இல் கல்கத்தாவில் காலமானார். ஜாஸ் எங்கள் பக்கத்துக்கும் வந்து போயிருக்கிறது. கிற்றாரும் வயலினும் வாசித்த குளோட் வில்லியம்ஸ் குழுவோடு நியூயோர்க் சென்று, 1937 இல் விலக்கப்பட்டார். அவர் இடத்துக்கு வந்த ஃபிரெடி கிறீன் 1987 இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகள் அதே ஆசனத்தில் இருந்தார். விலக்கப்பட்ட வில்லியம்ஸோ வயலினைக் கைவிடாமல் தொண்ணூற்றாறு வயதுவரை, 2004 வரை வாழ்ந்தார்.

பஸ்டர் ஸ்மித் போகவில்லை. குழு பெரு நகரங்களில் நின்றுபிடிக்கும் என்று அவர் நம்பவில்லை. முன்பு புளூ டெவில்ஸில் இருந்து, அந்தக் குழு தூர இடமொன்றிலே கையிற் காசின்றிக் கலைந்துபோனதைக் கண்டவர். அவரது தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பட்டினி கிடந்தவனின் கணக்கு வேறு.

குழு நின்றுபிடித்தது. 1937 யூலை 7 ஆம் திகதி டெக்காவுக்காக 'வன் ஓ குளொக் ஜம்ப்' பதிவானது. பியானோவோடு தொடங்கி, ஒவ்வொருவராக எழுந்து தனி வாசித்து, முடிவில் மூன்று பகுதியினரும் மூன்று றிஃப்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் அமைப்பு. தட்டிலே ஆக்கியோன் பெயர் பேஸி என்றிருந்தது. 1938 ஜனவரி 16 ஆம் திகதி நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் பெனி குட்மன் நடத்திய புகழ்பெற்ற கச்சேரியிலும் அது வாசிக்கப்பட்டது. பேஸி, லெஸ்டர், வோல்ட்டர் பேஜ் ஆகியோரும் அன்று விருந்தினராக மேடையில் இருந்தனர். றீனோ கிளப்பை விட்டுப் புறப்பட்டு ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. அந்த மெட்டின் உருவாக்கத்தில் தமக்கும் பங்குண்டு என்று பஸ்டர் ஸ்மித் பிற்காலத்தில் சொல்லிவந்தார். அதை மறுப்பவர் அரிது. எடி டர்ஹம் என்ற ட்றொம்போன் கலைஞரின் பெயரையும் சேர்ப்பர். பேஸி திருடினார் என்று சொல்ல நான் துணியமாட்டேன். கூட்டாகச் செய்ததைத் தனியொருவர் பெயரில் அன்றி ஏற்றுக்கொள்ளத் தெரியாத வியாபாரம் அது.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஹமொன்ட் காரிலிருந்து கேட்டாரே, அந்த ஒன்பது பேரின் வாசிப்பு எந்தத் தட்டிலும் இல்லை. பஸ்டரும் ஹொட் லிப்ஸும் இருந்த றீனோ கிளப் குழுவை எவரும் பதிவுசெய்யவில்லை. உலகம் இன்று கேட்பது அவர்கள் இல்லாத, பெருத்த குழுவை. அந்தக் குழுவின் தரத்தை அன்று கேட்டவர்களின் சொல்லைக்கொண்டே அறிகிறோம். சங்கப் பாடல்களிலே பாணரையும் விறலியரையும் பற்றிப் படிக்கும்போது அவர்களின் பண் எப்படி ஒலித்திருக்கும் என்று ஏங்குகிறோம் அல்லவா? எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்குள்ளேயே அந்த நிலை.

கன்சாஸ் சிற்றியிலே தங்கிய பஸ்டரின் குழுவில் 1937 அளவில் ஒரு பையன் சேர்ந்தான். வோல்ட்டர் பேஜ் படித்த அதே லிங்கன் பாடசாலையின் மாணவன். முந்திய ஆண்டு றீனோ கிளப்பில் வாசிக்க ஏறித் தடுமாறியபோது, ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவன் காலடியில் எறிந்து இறக்கியதாக ஒரு கதை உண்டு. அவன் பெயர் சார்ளி பார்க்கர். ஸ்விங்குக்குப் பின்வந்த புதிய ஜாஸ் இசையையே உருவாக்கியவர்களுள் ஒருவனாக அவன் வளர்ந்தான். சிம்பலை எறிந்தவரை எல்லா நூல்களும் சொல்கின்றன. பக்கத்தில் இருத்திச் சக்ஸபோன் சொல்லிக்கொடுத்த பஸ்டருக்கு ஓரிரு வரிதான் கிடைக்கிறது.

ஜிம்மி றஷிங்குக்கு அந்தக் குறை இல்லை. ஒக்லஹோமா நகரில் அவரின் குரலைக் கேட்டு வளர்ந்த சிறுவன் ஒருவன் எழுத்தாளனானான். அவர்தான் 1952 இல் 'புலப்படாத மனிதன்' என்ற பொருளுடைய பெயரில் நாவல் எழுதிய றல்ஃப் எலிசன். றஷிங்கைப் பற்றியும் அவர் அருமையான கட்டுரை எழுதியிருக்கிறார்.

பேஸி 1984 இல் காலமாகும்வரை குழுவை நடத்தினார். இடையில் 1950 அளவில் சிறிது காலம் அது சுருங்கியது. இரவு நிகழ்ச்சி முடிவில் வழக்கமாக வாசிப்பது 'வன் ஓ குளொக் ஜம்ப்'. லெஸ்டர் 1959 இல், ஐம்பது வயதை எட்டாமலே மறைந்தார்.

பஸ்டர் ஸ்மித் 1940களின் தொடக்கத்தில் தாம் பிறந்த டெக்சாஸ் மாநிலத்துக்குத் திரும்பி, டலஸ் நகரில் உள்ளூர்க் குழுக்களை நடத்தினார். 1959 இல் கன்தர் ஷுல்லர் என்ற இசையறிஞர் தேடிச் சென்று அவர் தலைமையில் ஒரு முழு இசைத்தட்டைப் பதிவுசெய்தார். அப்போது பஸ்டருக்கு ஐம்பத்தைந்து வயதளவில் இருக்கும். தட்டின் உறையிலே அவருடைய பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதன் பிறகும் முப்பத்திரண்டு ஆண்டுகள் டலஸிலேயே இருந்து 1991 இல் இறந்தார்.